செட்டிநாட்டில் ஒரு ரேஷன் கடை: சீனிப் பங்கீட்டை முன்வைத்து ஒரு மதிப்புரை

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை செல்லும் சாலையைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊரில், நியாய விலைக் கடை ஒரு பழைய நகரத்தார் வீட்டின் பக்கவாட்டுப் பகுதியில் வாடகைக்கு நடக்கிறது. வீட்டுக்காரர்கள் ஆண்டுக்கு ஒருமுறை, முன்னோரை வழிபடும் படைப்புக்கு வந்துபோவதோடு சரி. மற்ற நாள்களில் அந்த வீட்டில் ஆள் நடமாட்டம் இருப்பது இந்தக் கடையால்தான். அரிசி மூட்டை அடுக்கும் தரையில் ஆத்தங்குடிக் கல் பாவியிருக்கிறது. மூட்டைகளை இழுத்து இழுத்து அதன் பூவேலை பாதி அழிந்துவிட்டது. வரிசையில் நிற்பவர்கள் வெயில் படாமல் உட்கார நீளமான திண்ணை உண்டு என்பதை இந்தக் கடையின் முதல் சிறப்பாகச் சொல்வேன். அண்மையில் கட்டப்பட்ட கான்கிரீட் கடைகளில் அந்த வசதியைப் பார்க்க முடிவதில்லை.

அரிசியைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது; இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் பி12 வைட்டமினும் சேர்த்த செறிவூட்டப்பட்ட மணிகளை நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கலந்து தருகிறார்கள். வெளிறிய அந்த மணிகளைப் பிளாஸ்டிக் அரிசி என்று நினைத்துப் பொறுக்கி எறிபவர்கள் எங்கள் தெருவில் இன்னும் இருக்கிறார்கள். புழுங்கல் அரிசி சில மாதங்களில் சோற்றுக்கு நன்றாகவே இருக்கும். சில மாதங்களில் இட்லிக்கும் பணியாரத்துக்கும் மட்டுமே ஆகும். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் 25 ரூபாய்க்கும் கிடைப்பது, கூலி வேலைக்குப் போகும் குடும்பங்களுக்குப் பெரிய துணை. ஆனால் மாதத்தின் பிற்பாதியில் போனால் இவ்விரண்டும் தீர்ந்துபோயிருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், மாதத் தொடக்கத்திலேயே போவது நல்லது. தராசை விற்பனைக் கருவியோடு இணைத்த பிறகு எடைக் குறைவு பற்றிய பேச்சு அடங்கியிருக்கிறது. அதற்கு ஈடாக, வரிசை நகரும் வேகம் குறைந்திருக்கிறது. கைரேகை பதியாத முதியவர்களை வைத்துக்கொண்டு விற்பனையாளர் படும் பாடு தனி.

இத்தனையும் எவரும் எழுதக்கூடியவை. இந்த மதிப்புரையை நான் எழுத முனைந்தது சீனிக்காக. அதற்குக் காரணம் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு செய்தி. அங்கே ஸ்னாப் என்று வழங்கும் உணவு உதவித் திட்டத்தின் அட்டையைக் கொண்டு சோடா முதலிய இனிப்புப் பானங்களை வாங்கக் கூடாது என்று பல மாநிலங்கள் விதி செய்துள்ளன. நெப்ராஸ்காவுக்குத்தான் முதலாவதாக, 2025 மே மாதத்தில், அனுமதி கிடைத்தது. 2026 ஜனவரி 1 அன்று நெப்ராஸ்கா, அயோவா, இந்தியானா, யூட்டா, மேற்கு வர்ஜீனியா ஆகிய ஐந்து மாநிலங்களில் தடை நடைமுறைக்கு வந்தது. எங்கள் ஊரில் பாதிப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதால் இத்தகைய செய்திகள் காலைக் காப்பிக்கு முன்பே வந்துவிடுகின்றன. "ஏழைகள் என்ன குடிக்க வேண்டும் என்று அரசு சொல்வதா" என்று ஒரு பக்கமும், "அரசுப் பணத்தில் சர்க்கரை நோயை வாங்குவதா" என்று மறுபக்கமும் திண்ணையில் வாதம் நடந்தபோது, நாங்கள் உட்கார்ந்திருந்த இடமே அரசின் உணவு உதவிக் கடை என்பதும், உள்ளே அரசே சீனியை நிறுத்துத் தந்துகொண்டிருக்கிறது என்பதும் யாருக்கும் உறைக்கவில்லை.

அமெரிக்க ஏற்பாடு நம்முடையதிலிருந்து அடிப்படையிலேயே வேறானது. அங்கே அரசு பொருளைத் தருவதில்லை. மாதந்தோறும் ஓர் அட்டையில் பணத்தை ஏற்றுகிறது. ஏறக்குறைய நான்கு கோடிப் பேர் அந்த அட்டையைப் பெரிய அங்காடிகளிலும் சிறு கடைகளிலும் எல்லோரையும்போலப் பயன்படுத்துகிறார்கள். மது, புகையிலை, சூடாகச் சமைத்து விற்கும் உணவு, மருந்து, சோப்பு ஆகியவற்றை மட்டும் முன்பே விலக்கியிருந்தார்கள். சட்டத்தின் கண்ணில் சோடா உணவாகவே இருந்தது. நியூயார்க் நகர மேயராக இருந்த மைக்கேல் புளூம்பெர்க் 2010-இல் இனிப்புப் பானங்களை ஈராண்டுக் காலம் விலக்கிச் சோதித்துப் பார்க்க அனுமதி கேட்டபோது, மத்திய வேளாண் துறை அடுத்த ஆண்டே மறுத்துவிட்டது. அதே துறை 2016-இல் வெளியிட்ட ஆய்வு, உதவி பெறும் குடும்பங்களின் உணவுச் செலவில் 9.3 விழுக்காடு இனிப்பூட்டிய பானங்களுக்குப் போவதாகவும், உதவி பெறாத குடும்பங்களில் அது 7.1 விழுக்காடு என்றும் காட்டியது. தடையை ஆதரிப்போர் முதல் எண்ணை மட்டும் சொல்கிறார்கள். எதிர்ப்போர், இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு சிறியது என்பதை மட்டும் சொல்கிறார்கள். இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால், அந்த நாட்டில் எல்லோருமே நிறையச் சோடா குடிக்கிறார்கள் என்பதுதான் தெரிகிறது.

தடையின் வரையறை இன்னும் சுவையானது. அயோவா தன் விற்பனை வரிச் சட்டத்தின் வரையறையையே எடுத்துக்கொண்டது: இயற்கையாகவோ செயற்கையாகவோ இனிப்பூட்டியது குளிர்பானம், பால் கலந்தாலோ, பாதிக்கு மேல் பழச்சாறு இருந்தாலோ அது குளிர்பானம் ஆகாது. அங்கே மிட்டாய்க்கும் தடை உண்டு; ஆனால் மிட்டாய்க் கட்டியில் மாவு சேர்ந்திருந்தால் அது மிட்டாய்க் கணக்கில் வராது. இந்த அளவுகோலை எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் வைத்துப் பார்த்தேன். நன்னாரி சர்பத்தும் பன்னீர் சோடாவும் அகப்பட்டுக்கொள்ளும். பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடிக்கு நடந்து போகிறவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தலில் கொடுக்கிற பானகம்கூட, யாராவது புட்டியில் அடைத்து விற்றால் தப்பாது. சீனியை அள்ளிக் கொட்டிய ரோஸ் மில்க்கோ, பால் கலந்த ஒரே காரணத்தால் தப்பித்துவிடும். சீனியே இல்லாத டயட் கோலா மாட்டிக்கொள்ளும். சர்க்கரையைக் குறைக்க எழுதிய விதி சர்க்கரையின் அளவை அளக்காமல் விடும்போது இப்படித்தான் ஆகும். நம்முடைய சரக்கு, சேவை வரியும் இதில் மேலானதன்று. வாயுவேற்றிய பானத்துக்கு 28 விழுக்காடு வரியும் 12 விழுக்காடு மேல்வரியுமாக இருந்ததை 2025 செப்டம்பரில் ஒரே 40 விழுக்காடாக மாற்றினார்கள். அதில் சீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரி ஒன்றே. சீனிக்கு 5 விழுக்காடுதான்.

அரசு தன் பணத்தில் எதை வாங்கலாம் என்று வரம்பு கட்டுவதை அவமதிப்பாக நான் கருதவில்லை. நம் ரேஷன் கடை முழுவதும் வரம்புதான். அரிசி, கோதுமை, சீனி, பருப்பு, எண்ணெய் என்று அரசு முடிவு செய்ததைத் தவிர வேறெதுவும் அங்கே கிடையாது. அதற்காக எவரும் இங்கே தலைகுனிந்து நின்றதில்லை. தேர்வு கிடங்கிலேயே முடிந்துவிடுகிறது, கடைக்கு வருகிற எல்லோருக்கும் அதே பட்டியல். அரிசி அட்டை வைத்திருக்கும் ஆசிரியரும் செங்கல் சூளைத் தொழிலாளியும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள், ஏனென்றால் தமிழ்நாட்டில் பொது விநியோகம் எல்லோருக்குமானது. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே பொதுவான அங்காடியில், பின்னால் பத்துப் பேர் நிற்க, இந்தப் புட்டிக்கு உங்கள் அட்டை செல்லாது என்று பில் போடுமிடத்தில் சொல்லித்தான் தடையைச் செயல்படுத்த முடியும். அட்டை செல்லாவிட்டால் சட்டைப்பையில் உள்ள பணத்தைக் கொடுத்து அதே புட்டியை வாங்கிக்கொண்டு போகலாம்; அட்டையில் மிச்சமானதைக் கொண்டு ரொட்டி வாங்கலாம். அப்படிச் செய்யும் வசதியுள்ள குடும்பத்தில் சோடா குறையப்போவதில்லை. கையில் காசே இல்லாத குடும்பத்தில்தான் குறையும்.

காசு இப்படி இடம் மாறுவது எங்கள் கடையின் வாசலிலேயே நடக்கிறது. எதிரே ஒரு பெட்டிக்கடை; அதன் கண்ணாடிக் கதவுக் குளிர்பெட்டியில், விருதுநகரில் 1916-இல் தொடங்கிய காளிமார்க் நிறுவனத்தின் பவண்டோவும், பெரிய நிறுவனங்களின் கோலாக்களும், பத்து ரூபாய்ச் சிறு புட்டிகளும் அடுக்கியிருக்கும். ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 2017 மார்ச் முதல் அந்நியக் குளிர்பானங்களை விற்க மாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது அந்தப் பெட்டியில் கொஞ்ச காலம் கோலா இல்லாமல் இருந்தது. பிறகு வந்துவிட்டது. அரிசிக்குச் செலவாகாமல் மிஞ்சிய பணத்தில் ஒரு பங்கு, பை நிறைய அரிசியோடு திரும்பும்போதே அந்தப் பெட்டிக்கடைக்குப் போவதைத் திண்ணையில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். தடுக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. வெயிலில் வந்த பிள்ளை கேட்டால் நானும் வாங்கித்தான் கொடுப்பேன்.

ஆனால் கடைக்குள்ளே தரப்படுவதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. ஒரு குடும்பத்துக்கு ஆள் ஒன்றுக்கு 500 கிராம் வீதம், 2 கிலோ வரை சீனி தருகிறார்கள். நாள் கணக்குக்குப் பிரித்தால், நால்வர் உள்ள வீட்டில் தலைக்கு 16 அல்லது 17 கிராம் வரும். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உணவில் சேர்க்கும் சர்க்கரையை மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்குள் நிறுத்தச் சொல்கிறது. இருபதில் ஒரு பங்குக்குள், அதாவது வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது என்கிறது. அந்த நல்ல வரம்பில் மூன்றில் இரண்டு பங்கை ரேஷன் கடையே நிரப்பிவிடுகிறது. டீக்கடை டீ, பிஸ்கட்டு, விசேஷ வீட்டுப் பாயசம், பால் பணியாரம், கவுனி அரிசி எல்லாம் இதற்கு மேல். 200 மில்லி கோலாவில் ஏறக்குறைய 20 கிராம் சீனி இருக்கிறது. அப்படிப் பார்த்தால் ஒரு குடும்பத்துக்கு மாதம் 100 சிறு புட்டிகளில் இருக்கும் சீனியை நம் அரசு மலிவு விலையில் வீட்டுக்கு அனுப்புகிறது. அரிசி வேண்டாம் என்பவர்களுக்கான சர்க்கரை அட்டைக்கு அரிசிக்கு ஈடாகக் கூடுதலாக 3 கிலோ. எங்கள் பக்கத்தில் சீனி கார்டு என்று அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்வார்கள். வசதியுள்ள வீட்டின் அடையாளம் அது.

சீனி ரேஷனுக்குள் வந்ததற்குக் காரணம் இருந்தது. கிடைக்காத காலத்தில், பதுக்கலும் கறுப்புச் சந்தையும் இருந்த காலத்தில், எல்லோருக்கும் சம அளவில் போய்ச் சேர வேண்டும் என்று பங்கிட்டார்கள். ஆலைகளிடமிருந்து மத்திய அரசு லெவியாக, அதாவது கட்டாயக் கொள்முதலாக, சீனி எடுக்கும் முறை 2013-இல் நீங்கியது. மாநிலங்களுக்குத் தந்துவந்த சீனி மானியத்தையும் மத்திய அரசு 2017-இல், மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டைகளுக்கு மட்டும் என்று சுருக்கிக்கொண்டது. தமிழ்நாடு அரசு கைவிடவில்லை. 13 ரூபாய் 50 காசாக இருந்த விலையை 2017 நவம்பரில் 25 ரூபாயாக உயர்த்தி, மீதியைத் தானே ஏற்றுக்கொண்டு தொடர்கிறது. பொங்கல் தொகுப்பிலும் பச்சரிசியோடு ஒரு கிலோ சீனி வருகிறது. பற்றாக்குறை போய்விட்டது, பங்கீடு மட்டும் நிலைத்துவிட்டது.

இந்த ஆண்டுகளில் மாறியது ஊரின் உடம்பு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான பெரிய ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். நல்ல திட்டம், எங்கள் தெருவில் அதைக் குறை சொல்பவர் இல்லை. அந்த மாத்திரை வருகிற வீடுகளுக்குத்தான் 2 கிலோ சீனியும் போகிறது.

மாத்திரை வாங்கும் ஓர் ஆச்சி கடையில் கேட்டதை அருகிலிருந்து கேட்டேன். "சீனி எனக்கு எதுக்கப்பா? அதுக்குப் பருப்பா ஒரு அரைக் கிலோ கூடப் போட்டுக் குடு." விற்பனையாளர் இளைஞர், சலிப்பில்லாமல் சொன்னார்: "கருவி ஏத்துக்காது ஆச்சி. வேணாம்னா விட்டுடுங்க, வேற மாத்திக் குடுக்க எனக்கு வழியில்ல." ஆச்சி சிறிது யோசித்துவிட்டு, விடுவதற்கு மனமில்லாமல் சீனியையும் வாங்கிக்கொண்டார். பேரனுக்காவது ஆகும் என்றார்.

இந்தக் கடையின் சேவையில் நான் காணும் பெரிய குறை இதுவே; அது விற்பனையாளருடைய குறை அன்று. மலிவாகக் கிடைப்பதை விட்டுக்கொடுத்தால் கைக்கு ஒன்றும் வராது என்னும்போது, வேண்டாதவரும் வாங்கத்தான் செய்வார். அமெரிக்கத் தடையைப் படித்துவிட்டு இங்கேயும் சீனியை நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் நான் எதிர்ப்பேன். வரக்காப்பியையே காலைச் சாப்பாடாகக் குடித்துவிட்டு வேலைக்குப் போகும் பெண்கள் இருக்கும் ஊரில் அது நியாயமாகாது. மாற்றிக்கொள்ளும் உரிமையைக் கொடுக்கலாம். அரசு ஒரு கிலோ சீனிக்கு ஏற்கும் மானியத்துக்கு ஈடான மதிப்பில் பருப்போ, நிலக்கடலையோ, கேழ்வரகோ எடுத்துக்கொள்ள அந்தக் கருவியில் ஒரு தெரிவு வைத்தால் போதும். நடக்காத காரியம் என்று சொல்ல முடியாது. நீலகிரியிலும் தர்மபுரியிலும் 2023-இல் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தைத் தொடங்கினார்கள். சர்க்கரை அட்டைகளை அரிசி அட்டைகளாக மாற்றிக்கொள்ள 2019-இல் அரசே வாய்ப்பளித்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹாம்ப்டன் வட்டாரத்தில் 2011, 2012 ஆண்டுகளில், உதவி அட்டையில் காய், பழம் வாங்கச் செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் 30 சென்ட் திருப்பித் தந்து பார்த்தபோது, அவற்றை உண்பது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கூடியது. தடுப்பதைவிட மாற்றுக்கு ஊக்கம் தருவது பலிக்கும் என்பதற்கு அந்த நாட்டிலேயே சான்று இருக்கிறது. அது செய்தியில் அடிபடுவதில்லை.

சீனிக்குப் பதில் கருப்பட்டி கொடுக்கலாமே என்பவர்களுக்கு ஒரு சொல். பனைத் தொழிலாளருக்கு அதனால் நன்மை உண்டு, ரேஷன் கடையில் அது இருப்பதை வரவேற்கிறேன். ஆனால் நீரிழிவுக்காரருக்குக் கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் மருந்தல்ல. அவற்றிலும் பெரும்பங்கு அதே சர்க்கரைதான்.

பணமாகவே கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கல் எதுவும் வராதே என்ற வாதமும் திண்ணையில் எழுந்தது. புதுச்சேரியில் அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போட்டு, கடைகளைப் பல ஆண்டுகள் மூடிவைத்திருந்தார்கள். மக்கள் கேட்டுக் கேட்டு 2024-இல் மீண்டும் திறந்தார்கள். பணம் வந்த நாளில் வீட்டில் யார் கையில் அது போகிறது என்பது பெண்களுக்குத் தெரியும். அரிசி வந்தால் உலைக்குத்தான் போகும்.

இனிச் சிறு குறைகள். அட்டைக்குரிய பொருள்களோடு சேமியா, டீத்தூள், உப்பு, சோப்பு என்று ஏதாவது ஒன்றைச் சேர்த்து வாங்கச் சொல்வது சில மாதங்களில் நடக்கிறது. வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னால் வற்புறுத்துவதில்லை; ஆனால் அப்படிச் சொல்லத் தயங்குபவர்கள்தான் அதிகம். சரக்கு வந்த விவரத்தைப் பலகையில் எழுதுவது ஒழுங்காக நடப்பதில்லை. எங்கள் வீட்டில் சீனி வாங்காத ஒரு மாதத்தில், 2 கிலோ வாங்கியதாகக் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. கேட்டபோது தவறுதலாகப் பதிவாகிவிட்டது என்று சொல்லி அடுத்த மாதம் சரிசெய்தார்கள். முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுசெல்லும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கிய பிறகு, திண்ணையில் முதியவர் கூட்டம் குறைந்திருப்பது கண்கூடு. வண்டி வரும் நாளை முன்கூட்டியே சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும்.

மொத்தத்தில் அரிசிக்கும் எடைக்கும் பணியாளரின் பொறுமைக்கும் ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன்; பருப்பு, பாமாயில் இருப்புக்கு மூன்று; சீனிப் பங்கீட்டு முறைக்கு ஒன்று, அதையும் விற்பனையாளர் கணக்கில் சேர்க்காமல் அரசின் கணக்கில் எழுதுகிறேன். புதிதாக அட்டை வாங்கியவர்கள், சீனி தேவையில்லை என்றால் விரலை வைப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பில் போட்ட பிறகு சொன்னால் திருத்துவது கடினம். வீடு திரும்பியதும் குறுஞ்செய்தியில் உள்ள பட்டியலைப் பையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும். வேறுபாடு இருந்தால் முதலில் கடையிலேயே கேளுங்கள், பெரும்பாலும் தீர்ந்துவிடும்; தீராவிட்டால் 1967 என்ற எண்ணில் புகார் பதியலாம். சீனியை மாற்றிக்கொள்ளும் உரிமை வேண்டும் என்பதை மனுவாக எழுதிக் கிராம சபையில் வைப்பதற்குத் திண்ணையில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். ஆச்சி முதல் ஆளாகப் போட்டுவிட்டார்.